அடங்கத் தெரிந்த கிருமிகள்

காலராக் கிருமியை ஆய்வகத்தில் ஊட்டக்குழம்பு ஊற்றி வளர்த்துப் பார்த்தால் அதன் மேல் பயமே வராது. சற்றே வளைந்த உடல், ஒற்றை வால், ஓயாத நீச்சல். கொடுத்ததைத் தின்று இரண்டிரண்டாகப் பெருகும். மனிதனைக் கொல்லும் நச்சுக்கான மரபணு அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் குழம்பின் வெப்பமோ அமிலத்தன்மையோ காற்றோட்டமோ சற்றுப் பிசகினாலும் அந்த மரபணு வாய் திறப்பதில்லை. அதே கிருமி குடிநீரோடு ஒருவரின் சிறுகுடலை அடைந்துவிட்டால் நிலைமை வேறு. நோய் முற்றியவரின் உடலிலிருந்து மணிக்கு 1 லிட்டர் வரை நீர் வெளியேறும். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே கிருமியின் மரபணுத் தொகுப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எந்த மரபணு எப்போது வாசிக்கப்படுகிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

நுண்ணுயிரியலோடு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அதில் இன்றும் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது இந்த ஒரு விஷயம்தான். கிருமிகளின் நச்சுகளைப் பற்றியும் அவை செல்களைத் துளைக்கும் விதம் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆயுதங்களைக் கிருமி எப்போது வெளியே எடுக்கிறது என்பதைப் பற்றியும் ஓரளவு எழுதுகிறார்கள். எப்போது உள்ளே வைத்துக்கொள்கிறது என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை. நோயின் கதையில் சரிபாதி அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆயுதம் இருந்தால் எப்போதும் ஏந்திக்கொண்டே இருக்கலாமே, எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்? முதல் காரணம் செலவு. சால்மொனெல்லா நம் குடல் செல்லுக்குள் நுழைவதற்கு ஊசி வடிவில் ஒரு கருவியைக் கட்டுகிறது. பல வகைப் புரதங்கள் சேர்ந்து, கிருமியின் இரண்டு சவ்வுகளையும் ஊடுருவி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கருவி அது. அதைக் கட்டிக்கொண்டிருக்கும் கிருமி, பக்கத்தில் சும்மா இருக்கும் கிருமியைவிட மெதுவாகத்தான் பெருகும். பாக்டீரியாக்களின் உலகத்தில் மெதுவாகப் பெருகுவது என்றால் காணாமல் போவது என்று பொருள். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஆயுதத்தைக் காட்டுகிறவன் தன்னையே காட்டிக்கொடுக்கிறான். நம் நோயெதிர்ப்புச் செல்கள் மோப்பம் பிடிப்பவற்றில் இந்த ஊசியின் புரதங்களும் வாலின் புரதமும் உண்டு.

கிருமிக்கு இந்தக் கணக்கு தெரியும் என்பதற்கு முதல் தடயங்களில் ஒன்று இரும்பிலிருந்து கிடைத்தது. டிப்தீரியா கிருமியை வளர்க்கும் குழம்பில் இரும்பு கூடினால் நச்சு குறைகிறது என்று 1936இல் பாப்பன்ஹைமரும் ஜான்சனும் காட்டினார்கள். இரும்பு தீர்ந்துபோகும் தறுவாயில்தான் நச்சு பொங்கி வருகிறது. இதன் பொருள் பின்னால்தான் முழுதாகப் புரிந்தது. நம் உடலில் இரும்புக்குக் குறைவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி அது கிடப்பதில்லை. இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின், கண்ணீரிலும் சளியிலும் லாக்டோஃபெரின் என்று கட்டிக்காக்கும் புரதங்கள் உண்டு. ஆகவே இரும்புப் பஞ்சம் என்றாலே மனித உடலுக்குள் வந்துவிட்டோம் என்று கிருமி புரிந்துகொள்ளலாம். இரும்பைப் பற்றியிருக்கும்வரை ஒரு காவல் புரதம் நச்சு மரபணுவின் முகப்பில் அமர்ந்து அதை வாசிக்க விடாமல் தடுக்கிறது. இரும்பு கழன்றதும் அதன் பிடி தளர்கிறது. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அந்த நச்சு மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமானதே அல்ல. பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் என்ற வகை வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. 1951இல் விக்டர் ஃப்ரீமன் இதைக் கண்டார். மரபணு வந்தேறியுடையது, அதை அடக்கும் காவல் வீட்டுக்காரருடையது. இந்த ஏற்பாட்டைக் கிருமி உலகில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

இரும்பைவிட எளிய அடையாளம் வெப்பம். வெளியுலகின் வெப்பம் ஏறும் இறங்கும். மனித உடலுக்குள் 37 டிகிரி செல்சியஸ். குளிரூட்டிய உணவில்கூட வளரக்கூடிய லிஸ்டீரியா இதை எப்படி அளக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

லிஸ்டீரியாவின் நோய் மரபணுக்களை முடுக்கிவிடுவது பிஆர்எஃப்ஏ என்ற ஒரு புரதம். மரபணுவிலிருந்து புரதம் உருவாவதற்கு நடுவில் தூது ஆர்என்ஏ என்ற நகல் ஒன்று உண்டு. அந்த நகலின் தொடக்கத்தில் உள்ள ஓர் இடத்தை, புரதம் கட்டும் பொறியான ரைபோசோம் பற்றிக்கொண்டால்தான் வாசிப்புத் தொடங்கும். பிஆர்எஃப்ஏவுக்கான ஆர்என்ஏ, 30 டிகிரியில், முதல் வரி தெரியாதபடி மடித்த கடிதமாக இருக்கிறது. அதன் தொடக்கப் பகுதி தன் மேலேயே மடங்கி, ஒரு பக்கத்து எழுத்துகள் எதிர்ப்பக்கத்து எழுத்துகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ரைபோசோம் பற்ற வேண்டிய இடம் மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது. வெப்பம் 37 டிகிரிக்கு ஏறும்போது மடிப்பின் ஒட்டு பகுதியளவு இளகி அந்த இடம் வெளிப்படுகிறது. அவ்வளவுதான். இதில் வெப்பத்தை உணரும் தனிப் புரதம் கிடையாது, செய்தி கடத்தும் சங்கிலி கிடையாது. செய்தியே வெப்பமானியாகவும் இருக்கிறது. பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் யோர்கன் யோஹான்சன், பாஸ்கல் கோஸார் ஆகியோரின் குழு 2002இல் இதை வெளியிட்டது. அந்த மடிப்புப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவுக்கு முன்னால் ஒட்டி, லிஸ்டீரியாவுக்குத் தொடர்பே இல்லாத ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் வைத்துப் பார்த்தார்கள். 37 டிகிரியில் ஒளிர்ந்தது. 30 டிகிரியில் ஒளிரவில்லை. ஒரு கருத்தை இதைவிடச் சுத்தமாக நிரூபிக்க முடியுமா என்று அந்தச் சோதனையை நினைக்கும்போதெல்லாம் தோன்றும்.

வெப்பம் முதல் வாயில் மட்டுமே. செல்லுக்குள் நுழைந்த லிஸ்டீரியா ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கும். அங்கே லிஸ்டீரியோலைசின் என்ற நச்சால் பையைத் துளைத்து வெளியே வருகிறது. வெளியே வந்ததும் நம் செல்களில் நிறைந்திருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு பிஆர்எஃப்ஏவோடு இணைந்து அதை முழு வேகத்துக்கு முடுக்குகிறது என்று 2015இல் தெரியவந்தது. அதன் பிறகுதான் செல்லுக்குள் நகர உதவும் புரதம் பெருமளவில் உருவாகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது லிஸ்டீரியோலைசினின் அடக்கம். அது பையின் அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்யும். செல்லின் நடுநிலைச் சூழலுக்கு வந்ததும் சோர்ந்துவிடும். ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றி, எங்கேயும் சோராத நச்சாக அதை ஆக்கிப் பார்த்தார்கள். நோய் கடுமையாகும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எலிகளில் அந்தக் கிருமியின் வீரியம் வெகுவாகக் குறைந்துபோனது. அது தான் ஒளிந்திருந்த செல்லையே கிழித்துவிட்டு, வெளியே காத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் பட்டுவிட்டது. ஆயுதம் கூர்மையாகக் கூர்மையாக நோய் பலவீனமாகும் இடம் இது. பிஆர்எஃப்ஏவை எப்போதும் முடுக்கிய நிலையில் வைத்திருக்கும் லிஸ்டீரியாவுக்கும் ஒரு விலை உண்டு. உடலுக்குள் அது ஓங்கி நிற்கும். உடலுக்கு வெளியே சாதாரணக் கிருமியோடு போட்டியிட்டால் தோற்கும். அடுத்த உடலை அடைய வெளியுலகைக் கடக்க வேண்டுமே, அங்கே தோற்றால் என்ன பயன்?

பிளேக் கிருமியும் வெப்பத்தைத்தான் பார்க்கிறது. தெள்ளுப்பூச்சியின் உடலில் இருக்கும்போது சூழல் குளிர்ச்சி. அங்கே தெள்ளுப்பூச்சியின் குடலை அடைக்கும் பசைப் படலத்தை உருவாக்குகிறது. சூடான இரத்தமுள்ள விலங்குக்குள் வந்ததும் அதை நிறுத்திவிட்டு வேறு மரபணுக்களை இயக்குகிறது. அதோடு தன் மேலுறையின் கொழுப்பு மூலக்கூறையும் மாற்றிக்கொள்கிறது. குளிரில் அந்த மூலக்கூறில் 6 கொழுப்பமிலச் சங்கிலிகள். 37 டிகிரியில் 4. நம் செல்களின் காவல் ஏற்பி 6 சங்கிலியுள்ளதைச் சட்டென்று அடையாளம் காணும், 4 சங்கிலியுள்ளதை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. ஈ.கோலையின் ஒரு மரபணுவைச் செருகி, 37 டிகிரியிலும் 6 சங்கிலிகளோடு இருக்கும் பிளேக் கிருமியை உருவாக்கினார்கள். உலகை நடுங்க வைத்த அந்தக் கிருமி எலிகளைக் கொல்ல முடியாமல் போனது. அதன் ஊசியும் நச்சுப் புரதங்களும் அப்படியேதான் இருந்தன. மறைந்துகொள்ளும் திறன் மட்டும் போயிருந்தது.

கிருமி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? குழம்பில் வளர்த்துப் பார்ப்பதில் பயனில்லை. உடலுக்குள் மட்டுமே திறக்கும் மரபணு குழம்பில் மூடியே இருக்கும். இந்த முட்டுக்கட்டையை 1993இல் மைக்கேல் மாஹன், ஜேம்ஸ் ஸ்லாச், ஜான் மெக்கலனோஸ் ஆகிய மூவரும் உடைத்த விதத்தை என் துறையின் அழகான சோதனைகளில் முதலிடத்தில் வைப்பேன்.

அவர்கள் எடுத்துக்கொண்டது சால்மொனெல்லா. அதில் பியூரின் தயாரிக்கத் தேவையான ஒரு மரபணுவை நீக்கினார்கள். பியூரின் இல்லாமல் டிஎன்ஏ இல்லை. எலியின் உடலுக்குள் அது போதுமான அளவு கிடைப்பதும் இல்லை. ஆக, அந்த ஊனமுற்ற கிருமி எலிக்குள் போனால் பிழைக்காது. பிறகு சால்மொனெல்லாவின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் அந்த நீக்கிய மரபணுவின் முன்னால் ஒட்டி, ஊனமுற்ற கிருமிகளுக்குள் திரும்பச் செலுத்தினார்கள். துண்டில் ஒரு மரபணுவின் வாசிப்பைத் தொடங்கி வைக்கும் முடுக்கி இருந்து, அது எலிக்குள் இயங்கவும் செய்தால், பியூரின் மரபணு வாசிக்கப்படும், கிருமி பிழைக்கும். இல்லையென்றால் சாகும். பிழைத்தவற்றை எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்தார்கள்.

ஆனால் அவற்றில் எப்போதும் இயங்கும் முடுக்கிகளும் கலந்திருக்குமே? அதற்காகத்தான் பியூரின் மரபணுவின் பின்னால் நிறம் தரும் இன்னொரு மரபணுவையும் முன்கூட்டியே இணைத்து வைத்திருந்தார்கள். ஆய்வகத் தட்டில் பரப்பியபோது, அங்கேயும் இயங்கும் முடுக்கியைக் கொண்டவை நிறம் காட்டின. நிறமில்லாத வெளிறிய புள்ளிகளை மட்டும் பொறுக்கினார்கள். எலிக்குள் இயங்கியதற்குச் சாட்சி அவை உயிரோடு இருப்பது. ஆய்வகத்தில் இயங்கவில்லை என்பதற்குச் சாட்சி அவற்றின் வெளிறல். எந்த மரபணுவைத் தேடுகிறோம் என்று தெரியாமலே, எந்தச் சமிக்ஞை அதை எழுப்புகிறது என்று தெரியாமலே, கிருமியையே சொல்ல வைத்துவிட்டார்கள்.

பின்னர் இந்த முறையில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் சிக்கின. அவற்றில் பல ஆயுதங்களே அல்ல. அமினோ அமிலத்தையும், பியூரினைப் போலவே டிஎன்ஏவுக்குத் தேவையான பிரிமிடினையும் தயாரிக்கும் சாதாரண மரபணுக்களும் இருந்தன. இதில் ஏமாற்றம் அடைந்தவர்கள் உண்டா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இது மிகப் பெரிய செய்தி. நோய் என்று நாம் சொல்வது கிருமியின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலும் பசியைத் தீர்க்கும் வேலை.

காலராவுக்குத் திரும்ப வருகிறேன். ஒரு கிருமியின் முழுப் பயணத்தையும் உள்ளே நுழைவதிலிருந்து வெளியேறுவதுவரை அறிந்திருப்பது அதில்தான். அது உயிரோடு நேரடியாகத் தாக்குவதில்லை, நச்சை ஊற்றித்தான் நீரை இறைக்கிறது என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே நிறுவினார். கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சிய திரவத்தை மட்டும் முயலின் குடல் பகுதியில் செலுத்தினாலும் அந்தப் பகுதி நீரால் உப்பியது. அந்த நச்சு எப்போது சுரக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆனது. 1984இல் வர்ஜீனியா மில்லரும் மெக்கலனோஸும் டாக்ஸ்ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தின் மரபணுவைக் கண்டார்கள். கிருமியின் சவ்வில் குறுக்காக நிற்கும் புரதம் அது. ஒரு முனை உள்ளே டிஎன்ஏவைத் தொடுகிறது, மறுமுனை சவ்வின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அது இன்னொரு சவ்வுப் புரதத்தோடு சேர்ந்து டாக்ஸ்டி என்ற புரதத்தை உருவாக்கச் செய்கிறது. நச்சையும், குடலில் குடியேற உதவும் இழைகளையும் திறந்துவிடுவது டாக்ஸ்டி.

விழுங்கப்பட்ட கிருமிகளில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் மடிகின்றன. தப்பியவை சிறுகுடலின் நடுவெளியை அடையும்போது அங்கே பித்தநீர் நிறைந்திருக்கிறது. பித்தநீரில் உள்ள கொழுப்பமிலங்கள் டாக்ஸ்டியை முடக்கிவிடுகின்றன. 2010இல் டாக்ஸ்டியின் வடிவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு வரைந்தபோது, அதன் மடிப்புக்குள் ஒரு கொழுப்பமிலம் செருகிக்கொண்டிருந்தது அப்படியே தெரிந்தது. நடுவெளியில் நச்சைக் கொட்டினால் வீண். செல்கள் அங்கே இல்லை. சளிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு குடல் சுவரை நெருங்க நெருங்கப் பித்தநீர் குறைகிறது, சுவர் சுரக்கும் பைகார்பனேட் கூடுகிறது. பைகார்பனேட் டாக்ஸ்டியை ஊக்குவிக்கிறது. எங்கே நச்சு பயன்படுமோ அங்கே வந்த பிறகுதான் நச்சு. சில மில்லிமீட்டருக்குள் நடக்கும் விஷயம் இது.

இந்த நச்சு மரபணுவும் ஒரு பேஜ் கொண்டுவந்ததே. 1996இல் மாத்யூ வால்டரும் மெக்கலனோஸும் இதைக் காட்டினார்கள். அந்தப் பேஜ் கிருமிக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கொழுகொம்பு எது தெரியுமா? குடலில் குடியேற உதவும் அதே இழை. டாக்ஸ்ஆரோ நச்சு வருவதற்கு முன்பிருந்தே சவ்வின் துளைப் புரதங்களை நிர்வகித்துவந்த பழைய அதிகாரி. வந்த ஆயுதத்தைப் பழைய நிர்வாகத்தின் கீழ் சேர்த்துக்கொண்ட பரம்பரைதான் இன்று நோயாக நம் முன் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருகிறது. பல கிருமிகள் எண்ணிக்கையில் போதுமான அளவு பெருகிய பிறகுதான் தாக்கத் தொடங்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அப்படித்தான். தான் சுரக்கும் ஒரு சிறு பெப்டைடு சுற்றிலும் அடர்ந்துவிட்டதைக் கொண்டு கூட்டத்தின் அளவை அறிந்து, ஒட்டும் புரதங்களைக் குறைத்து நச்சுகளைக் கூட்டுகிறது. காலரா இதற்கு நேர்மாறு. கூட்டம் சிறியதாக இருக்கும்போது நச்சும் இழையும் திறந்திருக்கும். கூட்டம் பெருத்ததும் ஹாப்ஆர் என்ற புரதம் எழுந்து அவற்றை மூடிவிடுகிறது. பான்னி பேஸ்லரின் ஆய்வுக்கூடமும் மற்றவர்களும் 2002 வாக்கில் இதைத் தெளிவுபடுத்தினார்கள். மூடுவதோடு நிற்பதில்லை, சுவரிலிருந்து பிரிந்து வெளியேற உதவும் நொதியையும் சுரக்கச் செய்கிறது. காலராவின் உத்தி நிலைத்திருப்பது அல்ல. வெள்ளத்தோடு வெளியேறி அடுத்த உடலைத் தேடுவது. வெளியேறுவதற்கு முன்பே, நோயின் பிற்பகுதியிலேயே, வெளியுலக நீர்நிலையில் பிழைக்கத் தேவையான மரபணுக்களைக் கிருமி திறந்து வைத்துக்கொள்கிறது. நீர்வாழ் உயிர்களின் ஓடுகளில் உள்ள கைட்டினைத் தின்பதற்கான மரபணுக்கள் அவற்றில் அடக்கம். இன்னும் குடலுக்குள் இருக்கும்போதே குளத்துக்கான ஏற்பாடு நடந்துவிடுகிறது. நோயாளியிடமிருந்து அப்போதுதான் வெளியேறிய காலராக் கிருமி, ஆய்வகக் கிருமியைவிடப் பல நூறு மடங்கு வரை எளிதாகத் தொற்றக்கூடியது என்று டாக்கா நோயாளிகளின் மாதிரிகளைக் கொண்டு 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வீறு சில மணி நேரமே நீடிக்கும். ஒரே வீட்டில் அடுத்தடுத்து ஆட்கள் படுக்கையில் விழும் கொடுமையை விளக்க இது பெரிதும் உதவுகிறது. கை கழுவுவதும் கழிவை உடனே அகற்றுவதும் எவ்வளவு அவசரமானவை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சால்மொனெல்லாவுக்குத் தன் சொந்த டிஎன்ஏவையே அடக்கி வைக்கும் பழக்கம் உண்டு. வெளியிலிருந்து வந்த மரபணுக்களை அவற்றின் எழுத்து அமைப்பைக் கொண்டு இனங்கண்டு, எச்என்எஸ் என்ற புரதம் மேலே படர்ந்து மூடிவிடுகிறது என்று 2006இல் இரண்டு குழுக்கள் காட்டின. நோய் மரபணுக்கள் பெரும்பாலும் வந்தேறிகள் என்பதால் இயல்பு நிலையில் அவை மூடியே கிடக்கும். திறக்க வேண்டும் என்றால் அந்தப் போர்வையை விலக்கும் புரதம் ஒன்று வர வேண்டும். நம் விழுங்கு செல்லுக்குள் அடைபட்ட சால்மொனெல்லா, சுற்றியுள்ள அமிலத்தையும் செல் வீசும் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளையும் ஃபோக்யூ என்ற ஏற்பியால் உணர்ந்து, அதன் துணைப் புரதமான ஃபோபி வழியாக உயிர்பிழைக்கும் மரபணுக்களைத் திறக்கிறது. நம்மைக் காக்க நாம் வீசும் அம்பே அதற்கு விழிப்புமணி. இந்தக் கட்டுப்பாடு இல்லாத சால்மொனெல்லா எலியில் நோய் உண்டாக்குவதில்லை, இது எதிர்பார்த்ததுதான். 1990இல் சாமுவேல் மில்லரும் மெக்கலனோஸும் செய்தது வேறு. கட்டுப்பாட்டை எப்போதும் திறந்தே இருக்கும்படி மாற்றினார்கள். அந்தக் கிருமியும் நோய் உண்டாக்கத் தவறியது. எப்போதும் மூடியிருந்தாலும் தோல்வி, எப்போதும் திறந்திருந்தாலும் தோல்வி.

குடலுக்குள் இன்னும் ஆழமான ஒன்று நடக்கிறது. ஒரே மரபணுத் தொகுப்பு, ஒரே இடம், ஒரே உணவு. ஆனாலும் எல்லாச் சால்மொனெல்லாக்களும் நுழைவு ஊசியைக் கட்டுவதில்லை. ஒரு பகுதி கட்டுகிறது, மற்றது கட்டாமல் இருக்கிறது. கட்டியவை குடல் சுவருக்குள் பாய்ந்து அழற்சியைக் கிளப்புகின்றன. அங்கே பல மடிந்தும் போகின்றன. அழற்சியால் குடலின் வழக்கமான பாக்டீரியாக்கள் குலைகின்றன. அழற்சியில் உருவாகும் டெட்ராதயோனேட் என்ற சேர்மத்தைக் கொண்டு சுவாசிக்கத் தெரிந்த சால்மொனெல்லா, வெளியே காலியான இடத்தில் கொழிக்கிறது. கொழிப்பவை பெரும்பாலும் ஊசி கட்டாதவை. மார்ட்டின் ஆக்கர்மன், வூல்ஃப்-டீட்ரிச் ஹார்ட் ஆகியோர் 2008இல் இந்த வேலைப் பிரிவினையை விளக்கினார்கள். பிறகு 2013இல் ஹார்ட் குழுவே இன்னொரு திருப்பத்தைக் காட்டியது. ஊசி மரபணுக்களை நிரந்தரமாக இழந்த பிறழ்வுகள் குடலில் தோன்றுகின்றன. அவை செலவில்லாமல் பெருகி, மற்றவர்களின் உழைப்பை உண்டு, கூட்டத்தையே விழுங்கப் பார்க்கின்றன. அவை முழுதாக வென்றால் அந்தக் கூட்டத்துக்கு அடுத்த உடலில் நோய் உண்டாக்கும் திறனே இருக்காது. அதைத் தாமதப்படுத்துபவை, மரபணு இருந்தும் இப்போதைக்கு ஊசி கட்டாமல் இருக்கும் கிருமிகள். அவையும் செலவில்லாமல் அதே வேகத்தில் பெருகுவதால் பிறழ்வுகளால் எளிதில் முந்த முடிவதில்லை. சும்மா இருப்பவை என்று நாம் ஒதுக்கும் கிருமிகள்தான் அந்தக் குலத்தின் நோய்த்திறனைக் கட்டிக் காக்கின்றன.

இவ்வளவும் வெறும் அறிவுப் பசிக்கு அல்ல, மருத்துவரின் முடிவையும் இது மாற்றுகிறது. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலையின் ஷிகா நச்சு மரபணு, கிருமியின் டிஎன்ஏவுக்குள் உறங்கும் ஒரு பேஜின் வசம் இருக்கிறது. டிஎன்ஏவுக்குச் சேதம் நேர்ந்தால் பேஜ் விழித்துக்கொள்ளும், பெருகும், கிருமி வெடிக்கும், நச்சு வெளியே கொட்டும். சில ஆன்டிபயாடிக்குகள் அந்தச் சேதத்தைத்தான் செய்கின்றன. கிருமியைக் கொல்லப் போய் சிறுநீரகத்தைச் சிதைக்கும் நச்சைத் திறந்துவிட்டதாக ஆகிவிடும். அதனால்தான் இந்த நோயில், அதிலும் குழந்தைகளுக்கு, ஆன்டிபயாடிக் கொடுப்பதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். பெற்றோருக்கு இதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதை என்னால் உணர முடிகிறது. கிருமி என்றால் மருந்து கொடுத்துக் கொல்ல வேண்டும் என்றுதானே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

கொல்லாமல் அடக்கி வைக்க முடியுமா? 2005இல் மெக்கலனோஸ் குழு வைர்ஸ்டாட்டின் என்ற சிறு மூலக்கூறைக் கண்டது. அது டாக்ஸ்டியை முடக்குகிறது; காலராக் கிருமி சாவதில்லை, ஆனால் எலிக்குட்டிகளின் குடலில் குடியேற முடியவில்லை. பித்தநீர் இயற்கையாகச் செய்வதற்கு நெருக்கமான வேலை. கொல்லும் மருந்து தப்பிப் பிழைக்கும் கிருமிகளை வளர்த்துவிடும், அடக்கும் மருந்து அந்த நெருக்கடியைத் தராது என்பது இந்த வழியை ஆதரிப்பவர்களின் வாதம். நானும் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எந்த மரபணுவை அடக்கினால் கிருமிக்கு இழப்பு, எதை அடக்கினால் அதற்கு ஆதாயம் என்பதை ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சால்மொனெல்லாவின் ஊசியை முழுதாக மூடினால், மற்றவர்களின் உழைப்பில் வாழும் பிறழ்வுகளுக்குக் கிடைத்துவந்த ஆதாயமும் போய்விடும். இது நமக்கு நல்லது. காச நோய்க் கிருமியில் ஃபோபி என்ற பெயரிலேயே இயங்கும் வேறொரு கட்டுப்பாட்டுப் புரதத்தை நீக்கி, எம்டிபிவாக் என்ற தடுப்பூசியை உருவாக்கி மனிதர்களிடம் சோதித்துவருகிறார்கள். கட்டுப்பாட்டுப் புரதங்களைக் குறிவைப்பது வெறும் கனவு இல்லை.

ஆனால் எந்தப் புரதம் மனித உடலுக்குள் உண்மையில் வேலை செய்கிறது என்பதை எலியும் குழம்பும் மட்டும் சொல்லிவிட முடியாது. நாள்பட்ட நுரையீரல் தொற்றை உண்டாக்கும் சூடோமோனாஸில், கூட்டத்தை உணரும் மரபணுக்களைப் பற்றிக் குவியல் குவியலாக ஆய்வுகள் உண்டு. மார்வின் வைட்லியின் குழு மனித நோயாளிகளிடமிருந்து நேரடியாக எடுத்த மாதிரிகளில் அந்தக் கிருமியின் ஆர்என்ஏவை வாசித்து 2018இல் வெளியிட்டபோது, அதே மரபணுக்கள் ஆய்வகத்தில் இருப்பதைவிடக் குறைவாகவே இயங்கிக்கொண்டிருந்தன. நாள்பட்ட நோயாளிகளின் நுரையீரலில் அந்த மரபணுக்களில் முதன்மையானதை முற்றிலும் இழந்த சூடோமோனாஸ்கள் அடிக்கடி கிடைக்கின்றன என்பதும் ஏற்கெனவே தெரிந்ததுதான். அங்கே கூட்ட உணர்வைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், இல்லாத ஒன்றைத் தடுத்ததாக முடியலாம். ஆகவே மருந்தைத் தேடுவதற்கு முன் நோயாளியின் சளியையும் புண்ணையும் வாசிக்கும் வேலை நடந்தாக வேண்டும். அது கடினமான வேலை. பாக்டீரியாவின் தூது ஆர்என்ஏ சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். புதிதும் அதே வேகத்தில் உருவாகும். மாதிரியை எடுத்த கணமே ஆர்என்ஏவை நிலைப்படுத்தும் கரைசலில் போடாமல் ஆய்வகம்வரை கொண்டுபோனால், அங்கே நாம் வாசிப்பது நோயாளியின் நுரையீரலைப் பற்றிக் கிருமி சொன்னதாக இருக்காது. சோதனைக் குழாயின் குளிரைப் பற்றி அது சொல்வதாகத்தான் இருக்கும்.